இலையில் ஓர் ஓட்டை

மனிதர்களைப் பற்றிப் பொய் சொல்லலாம். கடவுளைப் பற்றிச் சொல்லலாம். நம்மைப் பற்றி நாமே தினசரி சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரு பூவைப் பற்றி ஒருவன் என்ன பொய் சொல்லிவிட முடியும்? பூ எதிரே இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவன் பார்க்கிறான்; கை வந்தவன் வரைகிறான். இதில் சத்தியத்துக்கும் அசத்தியத்துக்கும் எங்கே இடம் என்று கேட்பீர்கள்.

இடம் தாராளமாகவே இருக்கிறது.

நான் சொல்வது பூஜாடியில் ரோஜாவைச் செருகி வைத்து, பக்கத்தில் ஒரு மாம்பழத்தையும் வைத்து, பட்டுத் திரையின் நிழல் விழும்படி எழுதுகிற ஓவியத்தை அல்ல. தாவரச் சித்திரம் என்று ஒரு தனிக் கலை இருக்கிறது. வெள்ளைத் தாள், பின்னணி கிடையாது, மேஜை கிடையாது, வானம் கிடையாது. செடி மட்டுமே. இலை தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, நரம்பு எந்தக் கோணத்தில் கிளைக்கிறது, மகரந்தத் தாள் எத்தனை, காய் எப்படி வெடிக்கிறது என்பதெல்லாம் பிசகக் கூடாது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் காட்டுக்குப் போனால், அந்தச் செடியை அடையாளம் கண்டுபிடித்துவிட வேண்டும். அத்துடன் படம் அழகாகவும் இருக்க வேண்டும். கணக்குப் பிள்ளையும் கவிஞனும் ஒரே நாற்காலியில் உட்கார வேண்டிய வேலை இது.

இந்தக் கலைக்கென்று கண்காட்சிகள் நடக்கின்றன. அனுப்பியதையெல்லாம் மாட்டிவிட மாட்டார்கள். நடுவர்கள் பார்த்துத் தேறியதைத்தான் மாட்டுவார்கள். லண்டனில் 1804-ல் ஏற்பட்ட ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொஸைட்டியின் கண்காட்சி இவற்றில் பேர் பெற்றது. அங்கே ஒரே கருவில் ஆறு படங்கள் வைக்க வேண்டும். ஒருவர் படத்தை இன்னொருவர் படத்தோடு ஒப்பிட்டு முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கொடுப்பதில்லை. ஒரு தரத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதை எட்டியவர் எத்தனை பேரானாலும் அத்தனை பேருக்கும் தங்கப் பதக்கம். அதற்குச் சற்றுக் கீழே தங்க முலாம் பூசிய வெள்ளி, அப்புறம் வெள்ளி, அப்புறம் வெண்கலம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து ஹண்ட் ஸ்தாபனம் 1964 முதல் சர்வதேசக் கண்காட்சி நடத்தி வருகிறது. 2018 மே 18-ந் தேதியைத் தாவரச் சித்திர நாள் என்று வைத்து, இருபத்தைந்து நாடுகள் தத்தம் மண்ணின் செடிகளை வரைந்து ஏககாலத்தில் காட்சிக்கு வைத்தன.

'தத்தம் மண்ணின் செடி' என்பதைக் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த விதிக்குக் கட்டுப்பட்டு நம் வீட்டுக் கொல்லையில் இறங்கினால் தெரியும் சேதி! மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. தக்காளியும் அப்படியே. வாசலில் படர்ந்திருக்கும் காகிதப்பூ தென்னமெரிக்கா. கோவிலோரத்து நித்தியகல்யாணி மடகாஸ்கர். இந்தியாவின் பேரீச்சை என்று அராபியர் பெயர் வைத்தார்களே, அந்தப் புளியமரம்கூட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்ட சொந்தம் என்கிறார்கள் தாவர நூலார். புளியை அயலான் என்று சொல்ல எந்தத் தமிழனுக்கு வாய் வரும்? ரசம் வைத்த கை சும்மா இருக்குமா? போகட்டும், அது வேறு வழக்கு.

காந்தள் விஷயத்தில் அப்படி ஒரு சந்தேகத்துக்கு இடமில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறாரே, அதில் முதலில் நிற்பது செங்காந்தள்தான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தில் கார்த்திகைப்பூ. நம் கிராமத்தாருக்கோ அது வெறும் கண்வலிக் கிழங்கு. கலப்பை போலப் பிரிந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள்.

என் தங்கை மகள் இந்தக் கலையில் ஈடுபட்டிருக்கிறாள். மேற்குத் தொடர்ச்சி மலையின் செடிகளுக்கென்று வெளியூரில் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு அனுப்ப அவள் எடுத்துக்கொண்டது காந்தளை. மலையடிவாரத்தில் ஒரு வேலியில் ஏறியிருந்த கொடி. ஐப்பசி மழையில் தினமும் போய்ப் பார்த்து வரைந்தாள். காந்தளின் இலைக்கு ஒரு விசேஷம் உண்டு. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, பக்கத்துக் கொம்பைப் பற்றிக்கொள்ளும். அந்தச் சுருள்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டாள். ஆனால் நடு இலையில் ஓர் ஓட்டை. கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட ஒரு புழு காந்தளுக்கென்றே பிறந்திருக்கிறது. மனிதனைக் கொல்லும் விஷம் அதற்குப் பலகாரம். அது தின்ற ஓட்டை.

அவள் ஓட்டையையும் எழுதினாள். விளிம்பு பழுத்து, மெல்லிய பழுப்புக் கோடு ஓடியிருந்ததைக்கூட விடவில்லை.

இத்துறையில் பல காலம் இருக்கும் ஓர் அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நன்றாயிருக்கிறது. இலையை மட்டும் மூடிவிடு. நடுவர்களுக்குப் பிடிக்காது" என்றார்களாம். அன்று சாயங்காலம் அவள் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, ஓட்டையை மூடினா அது பொய்யா?"

கதை எழுதுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். நான் உடனே பதில் சொல்லவில்லை. சுலபமான பதில்கள் இரண்டு இருந்தன. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் பதில்: 'கண்டதைக் கண்டபடி எழுது, மூடுவது பொய்.' இதைச் சொன்னால் கை தட்டுவார்கள். யதார்த்தம் என்ற பெயரில் நாங்கள் கதைக்காரர்கள் எத்தனை காலமாக இதைச் சொல்லிக் கை தட்டு வாங்கியிருக்கிறோம்! ஆனால் காந்தளிடம் இது செல்லாது. காந்தள் மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விரியும்போது இதழ்கள் ஆறும் பின்னோக்கி மடங்கி எழும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடியில் மஞ்சள் நிற்க, மேலே சிவப்பு ஏறும். கடைசியில் இதழ் முழுதும் செக்கச் செவேலென்று எரியும். இதெல்லாம் சில நாட்களுக்குள். நீர்வண்ணத்தில் அதை ஒழுங்காக எழுதி முடிக்கவோ வாரக் கணக்கில் ஆகும். அப்படியானால் திங்கட்கிழமைப் பூ உண்மையா, வெள்ளிக்கிழமைப் பூ உண்மையா? எழுதத் தொடங்கிய பூ எழுதி முடிக்கும்போது உயிரோடு இல்லை. இன்னொரு பூவைப் பார்த்துத்தான் இந்தப் பூவை முடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே 'நான் கண்ட அந்த ஒரு பூ' என்பது தாளில் ஒருநாளும் இருந்ததில்லை. தாளில் இருப்பது பல பூக்கள் கூடிச் செய்த ஒரு பூ.

ஃபெர்டினாண்ட் பாவர் என்ற ஆஸ்திரியச் சித்திரக்காரர் இதற்கு ஒரு யுக்தி கண்டார். 1801 முதல் 1805 வரை ஆஸ்திரேலியக் கரையோரம் போனபோது, அவர் செடிகளுக்கு அங்கேயே வர்ணம் தீட்டவில்லை. பென்ஸிலால் உருவம் போட்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் எண் எழுதிக்கொண்டார். பச்சையில் இன்ன பச்சை, சிவப்பில் இன்ன சிவப்பு என்று வர்ணங்களை ஏறத்தாழ ஆயிரம் எண்களாகப் பிரித்து வைத்திருந்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து, பல வருஷம் கழித்துக்கூட, அந்த எண்களைப் பார்த்து வர்ணம் கொடுத்தார். பூ செத்துச் சருகாகி எத்தனையோ காலம் ஆன பிறகு எழுதிய படம். அதைவிட உண்மையான படங்கள் குறைவு என்று தாவர நூலார் சொல்கிறார்கள்!

இதற்கு நேர் எதிராக மார்கரெட் மீ. இங்கிலாந்தில் பிறந்து பிரேஸிலில் வாழ்ந்த இந்த அம்மாள் 1956 முதல் பதினைந்து தடவை அமேஸான் காட்டுக்குள் போனார். ஒரே ஓர் இரவு மட்டும் பூக்கும் கள்ளி ஒன்றை அது பூத்திருக்கும்போதே பார்த்து எழுதிவிட வேண்டும் என்று பல ஆண்டு தேடினார். 1988 மே மாதம், எண்பதை நெருங்கும் வயதில், படகின் மேல் உட்கார்ந்து கை விளக்கின் வெளிச்சத்தில் அதை எழுதினார். விடிந்தால் வாடிவிடும், அடுத்த பூவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. அந்த வருஷம் நவம்பரில் இங்கிலாந்தில் ஒரு கார் விபத்தில் அவர் காலமானார். அவருக்குக் கிடைத்தது ஓர் இரவு. பாவருக்கோ வருஷங்கள் இருந்தன. இருவரில் யார் சத்தியவான் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

இரண்டாவது சுலபமான பதில்: 'நீ எழுதுவது இந்தக் கொடியை அல்ல, காந்தள் என்ற இனத்தை. இனத்துக்கு ஓட்டை கிடையாது. ஆகவே மூடு.' இதில் நியாயம் அதிகம். நம் தேசத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. ராபர்ட் வைட் என்ற எடின்பரோ டாக்டர் 1819-ல் சென்னைக்கு வந்தார். கம்பெனியின் வைத்தியர், பிற்பாடு கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி பயிராகுமா என்று பரீட்சை பார்த்தவர். அவர் மனசெல்லாம் செடி. 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட இந்தியத் தாவரச் சித்திர நூலில் 2,101 படங்கள் இருக்கின்றன. அந்தப் படங்களில் மிகப் பலவற்றை எழுதியவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னாட்டுச் சித்திரக்காரர்கள்.

அவர்கள் எழுதிய தாள் ஒன்றைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். கிளையில் மொட்டும் இருக்கும், மலர்ந்த பூவும் இருக்கும், கீழே காய், காயை அறுத்து உள்ளே விதை, பூதக்கண்ணாடியால் பார்த்துப் பெரிதாக்கிய ஒரு சூலகம். உலகத்தில் எந்தக் கண்ணும் இவற்றை ஒருங்கே பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. யாரும் காணாத காட்சிதான். ஆனால் அந்தச் செடியை அதைவிடச் சரியாகச் சொல்லும் காட்சி வேறில்லை. ஒரு செடியின் பழைய பெயருக்கு ஆதாரமான உலர்ந்த மாதிரி இல்லாமற் போனால், படத்தையே ஆதாரமாகக் கொள்ளலாம் என்று தாவர நூல் விதி இடம் கொடுக்கிறது. அதாவது நாளைக்கு ஒரு தகராறு வந்தால், படம் கோர்ட்டில் நின்று சாட்சி சொல்லும்.

சாட்சி தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் காந்தளே உதாரணம். அதன் கிழங்கில் கால்ச்சிஸின் என்ற விஷம் இருக்கிறது. அளவோடு எடுத்தால் மூட்டு வாதத்துக்கு மருந்து; மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் அதன் விதைக்காகவே பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். தெரியாமல் வள்ளிக்கிழங்கென்று அவித்துத் தின்று செத்தவர்களும் உண்டு. செடியைப் பார்த்து எழுதுகிறவன் கையில் இப்படியும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கதைக்காரனுக்கு இந்தப் பயம் இல்லை. என் கதாநாயகியின் மூக்கு கொஞ்சம் கோணினால் யாரும் சாகமாட்டார்கள்.

ஆக, மூடலாம் என்றே வைத்துக்கொள்வோம். ரங்கையா நூறு முறை மூடியிருப்பார். அப்படியிருக்க, அந்த அம்மாள் சொன்ன யோசனை மட்டும் எனக்கு ஏன் உறுத்திற்று?

உறுத்தியது 'மூடு' என்ற வார்த்தை அல்ல. 'நடுவர்களுக்குப் பிடிக்காது' என்ற வார்த்தை. செடிக்காக இலையை மூடுவது ஒரு செயல். நடுவருக்காக மூடுவது வேறு செயல். இரண்டிலும் தாளில் விழுகிற படம் ஒன்றாகவே இருக்கலாம். அதே பச்சை, அதே கோடு. இருந்தாலும் முன்னது வேலை, பின்னது பொய்.

இப்படிச் சொன்னதும் ஒரு நண்பர் என்னை மடக்கினார். "படம் ஒன்றுதான் என்கிறீர். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்கிறீர். அப்புறம் பொய் எங்கே இருக்கிறது? எழுதுகிறவன் மனசிலா? மனசைப் பற்றி யாருக்கு என்ன கவலை? ஓட்டல்காரன் எனக்காகச் சமைக்கிறானா, காசுக்காகச் சமைக்கிறானா என்று பார்த்துக்கொண்டா இட்லி தின்கிறோம்?"

நல்ல கேள்வி. இட்லிக்கு அது பொருந்தும். ஆனால் படம் எழுதுகிற காரியம் ஓர் இலையோடு முடிந்துவிடுவதில்லையே! நடுவரை நினைத்து ஓர் இலையை மூடியவன் அடுத்த இலைக்கு வரும்போது எங்கே பார்ப்பான்? செடியைப் பார்ப்பானா, நடுவரின் முகத்தைப் பார்ப்பானா? காந்தளில் ஒரு விநோதம் உண்டு. பூவின் நடுவிலிருந்து புறப்படும் சூல்தண்டு நேராகப் போவதில்லை. அடியிலேயே முழங்கை மடித்தாற்போல் மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அவலட்சணமாகத்தான் இருக்கும். அழகை நினைத்து எழுதுகிறவன் கை தானாகவே அதை நிமிர்த்திவிடும். ஒரு கல்யாண அழைப்பிதழில் காந்தள் அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். தண்டு கம்பீரமாக நடுவில் நிமிர்ந்து நின்றது. இதழ் ஐந்துதான். எழுதியவர் பூவையே பார்க்கவில்லை. அழைப்பிதழ் வாங்கப் போகிறவரைப் பார்த்திருக்கிறார். பார்வை எங்கே போயிற்று என்பது முதல் இலையில் தெரியாது. ஆறாவது இலையில் தெரிந்துவிடும். லண்டன்காரர்கள் ஆறு படம் வேண்டும் என்று கேட்பது இதனால்தானோ என்னவோ.

நான் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். கட்டுக் கட்டாகக் கதைகள் வரும். ஒரு கதையைத் தள்ளிவிட்டு மற்றொன்றை எடுக்கும்போது கையில் என்ன அளவுகோல் இருக்கிறது? என் ருசி, என் வயசு, அன்று காலை எனக்குக் கிடைத்த காப்பி. இதை மிகையென்று நினைக்காதீர்கள். பரிசு வாங்காத எழுத்தாளர் என்னிடம் வந்து 'ஏன்?' என்று கேட்டால், நான் எதைச் சுட்டிக் காட்டுவேன்? அந்தப் பூ எழுதுகிறவர்கள் பேரில் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர்களுடைய நடுவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னால், வேலிக்குப் போய்ச் செடியைக் காட்டலாம். 'ஐயா, தண்டு மடங்கித்தான் இருக்கிறது' என்று சொல்லலாம். அந்த மன்றத்தில் நடுவருக்கும் மேலே ஒரு நடுவர் வேலியில் படர்ந்திருக்கிறார். அவருக்குச் சிபாரிசு செல்லாது.

ஆனால் அது முழு ஆறுதலும் அல்ல. தாவர நூல் தெரிந்தவர், ஓவியம் தெரிந்தவர் இருவரும் நடுவர் குழுவில் இருக்கலாம்; பெயரை மறைத்து எண் மட்டும் போட்டுப் படங்களைப் பார்க்கலாம்; இவ்வளவு செய்தும் கடைசியில் 'வேண்டும், வேண்டாம்' என்று சொல்கிறது ஒரு மனிதனின் கண்தான். என் மருமகளின் ஓட்டை இலைப் படம் திரும்பி வந்தது. காரணம் எழுதவில்லை, எழுதும் வழக்கம் இல்லையாம். ஓட்டைதான் காரணமா, தாளில் செடியை வைத்த இடம் சரியில்லையா, அந்த வருஷம் காந்தள் ஏழெட்டு வந்து சலித்துவிட்டதா, யாருக்குத் தெரியும்? அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். என் தங்கை எனக்குப் போன் செய்து, "நீங்கதான் அண்ணா அவளைக் கெடுத்தீங்க. அந்தம்மா சொன்னபடி மூடியிருந்தா வந்திருக்கும்" என்றாள். இருக்கலாம். தாய்க்கு மகளின் முகம் வாடினதுதான் தெரியும்; தத்துவம் அவளுக்கு எதற்கு?

ரங்கையா எந்தக் கண்காட்சிக்கும் படம் அனுப்பவில்லை. அவருக்கு இருந்த நடுவர் ஒருவரே. சம்பளம் கொடுத்த வைட்தான். அப்படியானால் அவர் எழுதியது துரைக்காகவா, செடிக்காகவா? துரையின் முகத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, வயிறு இருக்கிறது. ஆனால் அந்தத் துரை செடியை அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கிற துரை. அவரை ஏமாற்ற முடியாது. ஆகவே துரையைத் திருப்தி செய்வதும் செடிக்கு உண்மையாக இருப்பதும் அங்கே ஒன்றாகிவிட்டது. இது ரங்கையாவின் பாக்கியம் என்பேன். எல்லாருக்கும் அப்படிப்பட்ட எஜமான் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்த பத்திரிகை ஆசிரியர்களில் செடியை அறுத்துப் பார்த்தவர் ஒருவரோ இருவரோதான்.

கோவிந்துவுக்கு ஒரு மரியாதை நடந்தது. 1853-ல் வைட் ஒரு மலை ஆர்க்கிட் செடிக்கு 'கோவிந்தூயியா' என்று அவர் பெயரையே வைத்தார். பதக்கத்தைவிடப் பெரிய மரியாதை. ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்து, அது தனிப் பேரினம் அல்ல, முன்பே பெயர் பெற்ற வேறொன்றைச் சேர்ந்தது என்று தீர்த்துவிட்டார்கள். பெயர் போயிற்று, படம் போகவில்லை. எடின்பரோவின் தாவரத் தோட்டத்தில் அவர்கள் எழுதிய மூலப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஹென்றி நோல்ட்டி என்ற தாவர அறிஞர் 2007-ல் வைட்டைப் பற்றியும் இந்த இருவரைப் பற்றியும் மூன்று பாகமாக ஒரு நூல் கொண்டுவந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல், தாளின் மூலையில் பொடி எழுத்தில் கிடந்த பெயர்கள் அட்டைக்கு வந்தன.

இந்த வருஷம் என் மருமகள் மறுபடியும் காந்தளையே எடுத்துக்கொண்டாள். இம்முறை நடு இலையில் ஓட்டை இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே படத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்புறத்தில் பென்ஸிலால் ஒரு பட்டியல். மேல் பூ, வாய்க்கால் வேலி, ஐப்பசி 12, விரிந்து மூன்றாம் நாள். கீழ்ப் பூ, அதே கொடி, ஐப்பசி 19. காய், சென்ற வருஷத்துக் கொடி. நடு இலை, கோவில் பின்புறத்துக் கொடி. வாய்க்கால் கொடியின் இலையைப் புழு தின்றிருந்தது.

"இதையெல்லாம் நடுவர்கள் படிப்பார்களா?" என்று கேட்டேன்.

"சட்டம் போட்டு மாட்டினதுக்கு அப்புறம் பின்பக்கம் யாருக்குத் தெரியப் போறது, மாமா" என்றாள். முடிவு தை மாதத்தில் வரும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.